‘இன்னும் 47 வருஷத்துக்குத்தான் பெட்ரோல்’ என்ற செய்தியைச் சரிபார்ப்பது எப்படி?

உலகத்தில் எண்ணெய் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும் என்ற கணக்கை நீங்களே போடலாம். கைபேசி கால்குலேட்டர் போதும். உலக நாடுகள் தங்களிடம் இருப்பதாகச் சொன்ன கச்சா எண்ணெய் 2020 முடிவில் சுமார் 1,73,000 கோடி பீப்பாய். ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். உலகம் ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 10 கோடி பீப்பாய். 365-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 3,650 கோடி. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 47. வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற 47 வருஷம் அவ்வளவுதான், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

வகுத்தலில் தப்பில்லை. அதை வைத்து ‘2070-க்கு முன்னால் எண்ணெய் காலி’ என்று முடிவு கட்டுவதில்தான் கோளாறு. என் அக்கா மகன் இந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, "மாமா, பேட்டரி வண்டியே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். வாங்கு, ஆனால் இந்தக் காரணத்துக்காக வாங்காதே, தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறாய், வீட்டில் சார்ஜ் போட வசதி உண்டா என்று பார்த்து வாங்கு என்றேன். "அப்ப தீராதா?" என்றான். அதற்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓமானின் தெற்குப் பாலைவனத்தில், நிம்ர் பக்கம், எண்ணெய் வயல் ஆபரேட்டராக வேலை பார்த்தவன். கிணற்று வாயில் சாம்பிள் பிடிப்பது, வால்வு திருப்புவது, ரீடிங் எழுதுவது, இதுதான் வேலை. நிலவியல் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு கிணறு எப்படிக் கிழடாகிறது என்பதைக் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் பழைய செய்தியை எடுங்கள்

இதே கணக்கை 1980-க்குப் போட்டுப் பாருங்கள். அப்போது உலகக் கையிருப்பு சுமார் 68,000 கோடி பீப்பாய், வருஷத்துக்கு எடுத்தது ஏறக்குறைய 2,300 கோடி. விடை 30 வருஷம். அந்தக் கணக்குப்படி 2010-ல் பெட்ரோல் பங்குகளை எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 1980-க்கும் 2020-க்கும் இடையில் உலகம் எரித்தது ஒரு லட்சம் கோடி பீப்பாய்க்கு மேல். அதாவது 1980-ல் இருப்பதாகச் சொன்னதைவிட அதிகமாக எரித்துவிட்டோம். அப்படியும் ஏட்டில் மிச்சம் முன்பைவிட இரண்டரை மடங்கு.

1977 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் பேசும்போது, உலகத்தில் உறுதிசெய்யப்பட்ட எண்ணெய் முழுவதையும் அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் செலவழித்துவிடக்கூடும் என்று எச்சரித்தார். அவர் எதையும் கற்பனை செய்து சொல்லவில்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றதும் அவருக்கு நேற்று நடந்த மாதிரி. தேவை அதே வேகத்தில் வளர்ந்துகொண்டே போனால் என்று கணக்குப் போட்டார். அதே வேகத்தில் வளரவில்லை.

ஆகவே வருஷக் கணக்குச் சொல்கிற எந்தச் செய்தி வந்தாலும், அதே நிறுவனம் பத்து வருஷம் முன்னால் என்ன சொன்னது என்று பாருங்கள். அப்போதும் ஐம்பது, இப்போதும் ஐம்பது என்றால் அது கடிகாரம் இல்லை. 2021-ல் வந்த பிபி என்ற பிரிட்டன் எண்ணெய் நிறுவனத்தின் அறிக்கை 53 வருஷம் என்றது. நான் மேலே போட்டது 47. வகுக்கும் எண் வேறு, அவ்வளவுதான். 2020-ல் கொரோனாவால் உற்பத்தி நாளைக்கு 9 கோடி பீப்பாய்க்குக் கீழே போய்விட்டது. நாமெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்ததில் எண்ணெய்க்கு ஆயுள் கூடிவிட்டது!

மிச்சம் இவ்வளவு என்று யார் சொன்னது, எந்த விலையில்?

ஏட்டில் எழுதும் கையிருப்பு என்பது பூமிக்கடியில் உள்ள எல்லா எண்ணெயும் அல்ல. இன்றைய விலையில், இன்றைய கருவிகளை வைத்து, லாபத்துக்கு எடுத்துவிடலாம் என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லக்கூடிய பங்கு மட்டும்தான். விலை மாறினால் கையிருப்பும் மாறும். கனடாவில் எக்ஸான்மொபில் நிறுவனத்துக்குக் கேர்ல் என்ற எண்ணெய் மணல் (தார் கலந்த மணல்) சுரங்கம் இருக்கிறது. விலை படுத்திருந்த 2016-ம் ஆண்டுக் கணக்கில் அங்கிருந்த 300 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாயை அந்த நிறுவனம் கையிருப்பிலிருந்து நீக்கியது. விலை தெம்பானதும் திரும்ப ஏட்டில் ஏற்றியது. 2020-ல் விலை விழுந்ததும் மறுபடி நீக்கம். இந்தக் காலம் முழுக்க மணலும் தாரும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனத்தைக் கேள்வி கேட்கவாவது ஆள் உண்டு. 2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் உறுதியான கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை, 390 கோடி பீப்பாயை, ‘உறுதியில்லை’ என்று தானே கீழே இறக்க வேண்டிவந்தது. இரண்டே மாதத்தில் தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி இழந்தார்.

நாடுகளின் கணக்கைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. 1980-களில் எண்ணெய் விற்கும் நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் உறுப்பு நாடுகளுக்கு உற்பத்தி ஒதுக்கீடு வைத்தது. அதிகக் கையிருப்பு காட்டினால் அதிக ஒதுக்கீடு கேட்கலாம் என்ற பேச்சு அந்த நேரத்தில் இருந்தது. 1980-களின் நடுவில் குவைத்தின் கையிருப்பு ஒரே மூச்சில் சுமார் 6,500 கோடியிலிருந்து 9,000 கோடிக்குத் தாவியது. அடுத்த சில வருஷங்களில் ஈரான், ஈராக், அபுதாபி, வெனிசுவேலா, கடைசியாகச் சவூதி அரேபியா. சவூதி 17,000 கோடியிலிருந்து 25,000 கோடிக்கு மேல் போனது. புதிதாக அவ்வளவு பெரிய வயல் எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. இன்னொரு வேடிக்கை, 2000-களின் நடுவிலிருந்து 2020 வரை வருஷா வருஷம் குவைத்துக்கு எழுதப்பட்ட எண் ஒன்றுதான்: 10,150 கோடி. வருஷத்துக்கு 90 கோடி பீப்பாய்க்கு மேல் இறைக்கிற நாட்டில் எண் அசையவே இல்லை. அட்சய பாத்திரம்!

வெனிசுவேலா கதை இன்னும் நன்றாயிருக்கும். ஒரினோகோ ஆற்றுப்படுகையின் தார் போன்ற கனத்த எண்ணெயைக் கணக்கில் சேர்த்ததால் நாலைந்து வருஷத்தில் சுமார் 10,000 கோடி 30,000 கோடி ஆனது, உலகத்திலேயே முதலிடம். உற்பத்தியோ 1990-களின் கடைசியில் நாளைக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் இருந்தது, 2020-ல் ஐந்தாறு லட்சத்துக்கு வந்துவிட்டது. வகுத்துப் பாருங்கள்: 1,500 வருஷத்துக்கு எண்ணெய் இருக்கிறது. உலகத்திலேயே எண்ணெய் ‘தீராத’ அந்த நாட்டில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றார்கள்.

இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கனடா 2002 முடிவில் எண்ணெய் மணலைச் சேர்த்ததும் ஏட்டில் 500 கோடியிலிருந்து 18,000 கோடி ஆனது. அந்த மணலிலிருந்து நிஜமாகவே எண்ணெய் வருகிறது. வகுக்கும் முன்னால் மேலே இருக்கிற எண் யார் கையெழுத்து என்று பாருங்கள் என்கிறேன்.

அப்புறம் கிணற்றிடம் கேளுங்கள்

மண்ணுக்கடியில் எண்ணெய்க் குளம் எதுவும் கிடையாது. பாறையின் நுண்துளைகளில் எண்ணெயும் உப்புநீரும் வாயுவும் சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. அழுத்தம் இருக்கும்வரை அது கிணற்றைத் தேடி வரும். எண்ணெய் வெளியேற வெளியேற அந்த இடத்துக்கு அடியிலிருந்து நீர் ஏறிவரும். கிணற்றின் வயதைச் சொல்வது இந்த நீர்தான்.

நாங்கள் அதை அளக்கும் விதம் இது. கிணற்று வாயில் ஒரு சின்ன சாம்பிள் வால்வு இருக்கும். காற்று வரும் பக்கம் நின்றுகொண்டுதான் திறக்க வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு பயம். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் விலகி ஓடலாம். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான். திறந்ததும் வருவதைப் பிடிக்கக் கூடாது, அது குழாயில் தேங்கிக் கிடந்தது. கொஞ்ச நேரம் வாளியில் ஓடவிட்டு அப்புறம்தான் பாட்டில். லேபில் கொண்டுபோய் வைத்தால் தனியாகப் பிரிந்து நிற்கும் நீரை முதலில் அளவுக்குழாயில் ஊற்றி அளந்துகொள்வோம். மிச்சமிருக்கும் குழம்பை அடி கூம்பிய கண்ணாடிக் குழாயில் விட்டு, கரைப்பான் சேர்த்து, நீரையும் எண்ணெயையும் பிரிக்கிற மருந்து சில சொட்டு விட்டு, சூடாக்கி, சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுற்றவிடுவோம். நின்ற பிறகு எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அடியில் ஒரு சிட்டிகை மணல், மேலே நீர், அதற்கு மேலே கருப்பாய் எண்ணெய். இரண்டு நீரையும் கூட்டி எழுதும் சதவீதத்துக்குத்தான் வாட்டர் கட் என்று பெயர். எங்கள் பக்கம் 90 என்று எழுதுவது சர்வசாதாரணம். நூறு லிட்டர் இறைத்தால் பத்து லிட்டர்தான் எண்ணெய்.

அந்தத் தொண்ணூறு லிட்டர் உப்புநீரையும் மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும், பிரிக்க வேண்டும், எங்காவது விட வேண்டும். ஆழத்தில் திரும்பச் செலுத்துவது ஒரு வழி. நிம்ரில் ஒரு பகுதியை நாணல் வயல்களுக்கு அனுப்புகிறார்கள். நாளைக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேல், பாலைவனத்தின் நடுவே சரிவில் தானாக ஓடி, நாணல் வேரடியில் இருக்கும் பாக்டீரியாக்கள் மிச்ச எண்ணெயைத் தின்ன, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிகிறது. எங்கிருந்தோ பறந்து வரும் பறவைகள் அதில் இறங்கி நிற்கும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்து மூடிய கிணறு எதையும் நான் பார்த்ததில்லை. மூடியதெல்லாம் செலவுக்குக் கட்டாமல் மூடியதுதான். மூடி வைத்ததை, விலை ஏறியதும் மேலிடத்திலிருந்து சொல்லித் திறந்ததும் உண்டு. அதனால் ‘இன்னும் எவ்வளவு இருக்கிறது’ என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, ‘நாளைக்கு எவ்வளவு வருகிறது, அதற்கு என்ன செலவு’ என்று கேட்டுப் பழகுங்கள்.

ஓமானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1967-ல் ஏற்றுமதி தொடங்கியது. 2001 வாக்கில் நாளைக்கு 9.6 லட்சம் பீப்பாய். அப்புறம் சரிவு. பெரிய வயலான யிபாலில் படுக்கைவாட்டில் துளைத்த கிணறுகள் 1997 வரை உற்பத்தியைத் தூக்கி நிறுத்தின, பின்னால் நீர் புகுந்து மளமளவென்று இறங்கியது. 2007-ல் நாடு முழுவதும் சேர்த்து 7.1 லட்சம்தான். கேம்ப் மெஸ்ஸில் சாப்பாட்டு நேரப் பேச்சே, அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமா, ஊருக்குப் பெட்டியைக் கட்டலாமா என்பதுதான். அப்படி இறங்கியது 2016-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. புதிதாகக் கண்டுபிடித்த எண்ணெயால் மட்டும் இது நடக்கவில்லை, பழைய பாறையையே மறுபடி பிழிந்தார்கள்.

தேங்காய்ப்பால் எடுப்பதைப் போலத்தான் இது. தானாக வருவது முதல் பால். நீரையோ வாயுவையோ உள்ளே செலுத்தித் தள்ளி எடுப்பது இரண்டாம் பால். ஓமானின் முகைஸ்னா வயலில் நீராவி விட்டுக் கனத்த எண்ணெயை இளக்கினார்கள். மர்முல் வயலில் 2010 முதல் தண்ணீரில் பாலிமர் கலந்து கெட்டியாக்கி உள்ளே விட்டார்கள், வெறும் தண்ணீர் எண்ணெயைத் தாண்டி ஓடிவிடும், இது அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அமல் என்ற வயலில் 2017-ல் கண்ணாடி வீட்டுக்குள் ஆடிகளை வைத்து வெயிலிலேயே நீராவி காய்ச்சத் தொடங்கினார்கள். இதெல்லாம் மூன்றாம் பால். நீராவி காய்ச்ச எரிவாயு வேண்டும், அந்த வாயுவை விற்றால் காசு. மூன்றாம் பாலுக்குச் செலவு அதிகம். உலகம் முழுக்கப் பார்த்தால் பாறையில் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் வெளியே வருகிறது. மிச்சம் உள்ளேயே கிடக்கிறது.

எண்ணெய் என்று எதை எல்லாம் சேர்த்திருக்கிறார்கள்?

நாளைக்கு 10 கோடி பீப்பாய் என்றேனே, அது அத்தனையும் கச்சா எண்ணெய் இல்லை. எரிவாயுக் கிணற்றிலிருந்து பிரியும் திரவங்கள், கரும்பிலும் மக்காச்சோளத்திலும் எடுக்கும் எத்தனால் எல்லாம் அதில் அடக்கம். கச்சா மட்டும் என்றால் 8 கோடிச் சொச்சம். நான் சொன்ன ஓமானின் 10 லட்சத்திலும் வாயுவோடு வரும் கன்டென்சேட் என்ற லேசான எண்ணெய் கலந்திருக்கிறது. இரண்டு செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் முதலில் இதைப் பாருங்கள், பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும்.

தீராது என்பவர்களையும் சும்மா விடாதீர்கள்

இதுவரை படித்துவிட்டு ‘அப்படியானால் கவலையே இல்லை’ என்று யாராவது கிளம்பினால் அவர்களையும் உட்கார வைத்துக் கணக்குக் கேளுங்கள்.

மெக்சிகோ கடலில் கான்டரெல் என்று ஒரு வயல். மீனவர் ஒருவர் கடல்மேல் எண்ணெய்த் திட்டுகளைப் பார்த்துச் சொன்னதால் கிடைத்தது, அவர் பெயரையே வைத்தார்கள். 2000-லிருந்து நைட்ரஜனை உள்ளே அழுத்தி உற்பத்தியை ஏற்றினார்கள். 2004-ல் நாளைக்கு 21 லட்சம் பீப்பாய், உலகத்தின் மிகப் பெரிய வயல்களில் ஒன்று. 2012-ல் 5 லட்சத்துக்கும் கீழே. வேகமாகப் பிழிந்தால் வேகமாக வற்றும்.

அமெரிக்கக் கதையை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லும். 1956-ல் கிங் ஹபர்ட் என்ற நிலவியலாளர், அமெரிக்க உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சம் தொட்டு இறங்கும் என்றார். சிரித்தார்கள். 1970-ல் நாளைக்கு 96 லட்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. 2008-ல் 50 லட்சம். அப்புறம் எண்ணெயை இறுகப் பிடித்து வைத்திருக்கும் ஷேல் பாறையை உடைத்து எடுக்கும் முறை பரவி 2023-ல் 129 லட்சத்துக்குப் போனது. ஹபர்ட் தோற்றார் என்று சிலர் சொல்வார்கள். அவர் கணக்குப் போட்டது வழக்கமான எண்ணெய்க்கு, அதில் அவர் சொன்னபடிதான் நடந்தது. ஷேல் கிணற்றில் முதல் வருஷத்திலேயே உற்பத்தி பாதிக்கும் கீழே விழும். துளைத்துக்கொண்டே இருந்தால்தான் நின்ற இடத்திலாவது நிற்கலாம்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. 1980-களிலிருந்தே புதிதாகக் கண்டுபிடிப்பதைவிட எரிப்பது அதிகம். இன்றும் உலகத்தைத் தாங்கும் பெரிய வயல்கள் நம் தாத்தா காலத்தவை. குவைத்தின் புர்கான் 1938, சவூதியின் கவார் 1948. கவாரின் அதிகபட்சத் திறன் நாளைக்கு 38 லட்சம் பீப்பாய் என்று 2019-ல் சவூதி அரசு நிறுவனம் அராம்கோ கடன் பத்திரம் விற்றபோதுதான் ஊருக்குத் தெரிந்தது, பலர் 50 லட்சம் என்று நினைத்திருந்தார்கள். சர்வதேச எரிசக்தி முகமை 2025-ல் சொன்னது இது: எண்ணெய் வயல்களில் முதலீட்டை அடியோடு நிறுத்தினால் உலகத்தின் அன்றாட உற்பத்தி ஒவ்வொரு வருஷமும் நாளைக்கு 55 லட்சம் பீப்பாய் அளவில் குறைந்துகொண்டே போகும். பிரேசிலும் நார்வேயும் சேர்ந்து எடுக்கும் அளவு அது.

விலையை மட்டும் இதற்குச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர், ‘தீர்ந்தது’ என்றார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலரில் முடிந்தது, எடுத்துக்கொண்டு போகிறவருக்குக் காசு கொடுக்கும் நிலை. பாறை இரண்டு நாளும் ஒன்றுதான். நம் ஊர்ப் பெட்ரோல் விலையில் வரியும் டாலர் மதிப்பும் வேறு கலந்திருப்பதால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தேவைப் பக்கத்திலும் ஒரு சண்டை ஓடுகிறது. 2030 வாக்கில் உலகத் தேவை வளர்வது நின்றுவிடும் என்று எரிசக்தி முகமை சில வருஷங்களாகச் சொல்லிவந்தது. 2050 வரை வளர்ந்து 12 கோடியைத் தாண்டும் என்கிறது ஒபெக். வாங்குகிறவர்களின் சங்கம் ஒன்று, விற்கிறவர்களின் சங்கம் ஒன்று. எந்தக் கணிப்பைப் படித்தாலும் இதை நினைவில் வையுங்கள்.

நீங்களே தொடர்ந்து பார்க்க

உலகக் கணக்குக்கு எனர்ஜி இன்ஸ்டிடியூட் வருஷா வருஷம் ஜூன் மாத வாக்கில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு போதும். பிபி நடத்திவந்ததைத்தான் 2023 முதல் இவர்கள் நடத்துகிறார்கள், இலவசம். கையிருப்புக் கணக்கில் நிறைய நேரம் செலவழிக்காதீர்கள். உற்பத்திப் பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் உச்சம் எந்த வருஷம் என்று விரலை ஓட்டுங்கள். பிரிட்டன் 1999, நார்வே 2001, மெக்சிகோ 2004. ஏறுகிற நாடுகள் எவை என்றும் பாருங்கள். அந்தப் பட்டியல் குட்டையாகத்தான் இருக்கும், அதில் கயானா போன்ற புதுப் பெயர்கள் தென்படும். அங்கே எண்ணெய் கண்டது 2015-ல், எடுக்கத் தொடங்கியது 2019-ல்.

இந்தியாவுக்கு மத்திய அரசின் பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு மாதந்தோறும் அறிக்கை போடுகிறது. அதில் நீங்கள் தேட வேண்டியது இறக்குமதிச் சார்பு என்ற ஒரே ஒரு வரி. நாம் எரிக்கும் கச்சாவில் 100-க்கு 85-க்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அஸ்ஸாமின் டிக்பாயில் 1889-லேயே எண்ணெய் கண்ட நாடு இது, அந்த வயலில் இன்றும் கொஞ்சம் வருகிறது, 1901-ல் கட்டிய சுத்திகரிப்பு ஆலையும் ஓடுகிறது. எங்கள் மன்னார்குடிப் பக்கம் வயலுக்கு நடுவே ஓஎன்ஜிசி கிணறுகள் நிற்கின்றன. ஆனால் தேவைக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம்? உலகத்தில் தீர்வதற்கு வெகு முன்பே, வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணையில் கப்பல் நின்றால் நமக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அடுத்த தடவை 47 வருஷச் செய்தி வந்தால் பதிலுக்கு அந்த ஒரு வரியை வெட்டி அனுப்புங்கள்.